நால்வருக்கு ஒரே பிழை

தப்பாக எழுதியவர்தான் முதலில் பேச வேண்டும் என்பது அந்த மாடியறையின் சட்டம். சரியாக எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. திருச்சி பாலக்கரையில் ஒரு மெஸ்ஸுக்கு மேலே, சாம்பார் வாசனை படியேறி வரும் அந்த அறையில், நான்கு பேர் மாலை வேளைகளில் கூடி சி என்கிற கணினி மொழிக் கணக்குகளைப் பேனாவால் எழுதிப் பழகினார்கள். கணினி கிடையாது. கைபேசிகள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கிடக்கும். யாருடைய விடை தவறோ அவர் எழுந்து நின்று, என்ன நினைத்து எந்த இடத்தில் சறுக்கினேன் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகுதான் சரியான விடைக்கே வருவார்கள்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவள் பொற்கொடி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். வகுப்புகளை இயந்திரம் எடுக்கத் தொடங்கியதும் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சரியான விடை ஊருக்கெல்லாம் ஒன்றுதான், தப்புதான் ஆளுக்கு ஆள் வேறு, படிப்பு அதில்தான் இருக்கிறது என்பது அவள் கட்சி.

அன்றைக்கு எழுந்து நின்றவன் அல்போன்ஸ். நால்வரில் சின்னவன். எதையும் சுருக்கமாக எழுதினால் அறிவாளி என்று நினைக்கிற வயசு.

“ஒண்ணும் பெரிசா இல்லக்கா. ரெண்டு எண்ணை இடம் மாத்தணும். டம்ளர்ல பால், செம்புல மோர், ரெண்டையும் மாத்தணும்னா மூணாவதா ஒரு பாத்திரம் வேணும்ல? எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. நான் மூணாவது பாத்திரமே இல்லாம, எக்ஸார்னு பிட்டுகளைப் புரட்டற ஒரு கணக்கைப் போட்டு மாத்தினேன். மூணே வரி. ஸ்டைலா இருக்கும்.”

“அந்த ஸ்டைலுக்கு என்ன ஆச்சு?” என்றாள் தேவசேனா. அவள் பொற்கொடியோடு ஒரே விடுதி அறையில் தங்கியிருந்தவள். முன்பு வங்கியில் இருந்தாள். இப்போது வங்கியில் யாருமே இல்லை.

“வரிசைப்படுத்தறப்ப, சின்ன எண்ணு ஏற்கெனவே அதோட இடத்துலயே இருந்துச்சு. அதை அதோடயே மாத்தினேன். எக்ஸார்ல ஒரு பொருளை அதோடயே மாத்தினா பூஜ்யமாயிடும். அது தோணலை.”

“பாலைப் பால்லயே ஊத்தப் போயி டம்ளரைக் கவுத்துட்டே,” என்றார் நூருல்லா. சிங்காரத்தோப்பில் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் கைபேசி வந்ததும் கடையை மூடிவிட்டு, நாற்பத்தைந்து வயதில் பேனாவைப் பிடித்திருந்தார். அதிகம் பேசாதவர் பேசியதால் சிரிப்பு இரட்டிப்பாக வந்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அல்போன்ஸ் தலையில் கை வைத்து, இனி ஜென்மத்துக்கும் எக்ஸார் பக்கம் போகமாட்டேன் என்று சத்தியம் செய்தான். மற்ற மூவரும் சேர்ந்து செய்தார்கள்.

அந்த அறையில் அவர்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அதுதான்.

நிரல் எழுதுவது மனிதர் வேலையாக இல்லாமல் போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது. எல்லாம் இயந்திரம் எழுதியது, நன்றாகவே எழுதியது. ஆனால் எல்லா இயந்திரங்களும் ஒரே மாதிரி யோசித்தன. ஒரு நாள் எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் சறுக்கின. ஒன்றை ஒன்று சரிபார்த்த இயந்திரங்களும் அதே இடத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரிகளில் ஏகப்பட்ட உயிர் போன பிறகு அரசாங்கம் சட்டம் போட்டது. டயாலிசிஸ் கருவி, லிஃப்ட், ரயில்வே கேட் என்று உயிரோடு சம்பந்தப்பட்ட நிரல்களை இரண்டு மனிதர்கள் தனித்தனியாகக் கையால் எழுத வேண்டும்; ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்க்க வேண்டும். அந்த மனிதர்களுக்குக் கைநிரலர் என்று பெயர். அதற்கு ஒரு வாரியம், ஒரு தேர்வு, ஓர் உரிமம். மூன்று முறைதான் எழுதலாம். பொற்கொடிக்கு இது மூன்றாவது முறை. இதுவும் போனால், கணக்குத் தெரிந்தவள் என்று அவளைக் கூப்பிட உலகத்தில் ஓர் இடம்கூட மிச்சமிருக்காது. அந்த உரிமத்துக்கு அவள் அத்தனை ஆசைப்பட்டாள், வெட்கமில்லாமல் ஆசைப்பட்டாள்.

வாரியம் நடத்திய மாதிரித் தேர்வு முடிந்த மறுவாரம், ஒரே குழுவாகப் பெயர் கொடுத்திருந்த நால்வருக்கும் அதன் அறிவிப்பு வந்தது. பொற்கொடிதான் சத்தமாகப் படித்தாள். இந்தக் குழுவில் இருவரின் சிந்தனைத் தடம் முழுக்க ஒத்துப்போகிறது. இறுதித் தேர்விலும் ஒத்துப்போனால் அந்த இருவருக்கும் ஆயுளுக்கும் உரிமம் கிடையாது. அவ்வளவுதான்.

தேர்வில் வாரியமே ஒரு பேனா தரும். எங்கே தயங்குகிறோம், எங்கே எழுதி அடிக்கிறோம், எந்த வரிக்குத் திரும்பிப் போகிறோம் என்பதையெல்லாம் அது குறித்துக்கொள்ளும். கைரேகை மாதிரி அதுவும் ஆளுக்கு ஒன்று என்று நம்பிக்கை.

“ஒத்துப்போனா என்னக்கா தப்பு? நாம யாரும் காப்பியடிக்கலையே,” என்றான் அல்போன்ஸ்.

“காப்பி பிரச்சினை இல்லடா. ரெண்டு பேரை எதுக்குத் தனித்தனியா எழுதச் சொல்றான்? ஒருத்தர் விட்ட ஓட்டை இன்னொருத்தர் கண்ணுல படும்னுதான். ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல கண்ணு மறைச்சா ரெண்டு பேர் எதுக்கு? இயந்திரமே போதுமே,” என்றாள் பொற்கொடி.

“அந்த ரெண்டு பேரு யாருன்னு சொல்லித் தொலைச்சா என்ன?” என்றாள் தேவசேனா.

“பேரைச் சொன்னா அந்த ரெண்டு பேரும் வேற மாதிரி யோசிக்கிறதா நடிக்க ஆரம்பிச்சிடுவாங்களாம்.”

நூருல்லா நிமிர்ந்தார். பொற்கொடியைப் பார்த்தார். பொற்கொடியும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே சமயத்தில் பார்வையைத் திருப்பினார்கள்.

இருவரின் பெயரைச் சொன்னால் இருவர் நடிப்பார்கள். சொல்லாததால் நால்வரும் நடித்தார்கள். வாரியத்துக்கு இந்தச் சின்னக் கணக்கு எட்டவில்லை. மறுநாளே தேவசேனா இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு எழுதினாள். உன் தப்பைச் சொல்லு என்றபோது அல்போன்ஸ், “எனக்கு எல்லாம் சரியா வந்துச்சுக்கா” என்றான். அவன் தாளில் பாதியைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் திணித்ததைப் பொற்கொடி பார்த்தாள். அவளும் சும்மா இல்லை. தன்னுடைய அடித்தல் திருத்தலை எல்லாம் விடுதியிலேயே முடித்துவிட்டு, நல்ல பிரதியை மட்டும் எடுத்து வந்தாள். தப்பே செய்யாத நால்வர் கூடி என்னத்தைப் பேசுவது? டீ வந்தது. குடித்தார்கள். கலைந்தார்கள்.

அவளுக்குச் சந்தேகம் நூருல்லாமேல். காரணம் கேட்டால் வரிசையாகச் சொல்லியிருப்பாள். மற்றவர்கள் விடையைப் பார்ப்பார்கள். அந்த ஆள் அவள் அடித்துவிட்ட வரிகளையே பார்ப்பார். இரண்டு வருடமாக அவள்தான் எழுந்து நின்று, நான் இப்படி நினைத்தேன், இங்கே விழுந்தேன் என்று தன் மண்டைக்குள் இருப்பதையெல்லாம் கடை விரித்திருக்கிறாள். பேசாத ஆள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டார். கொள்ளை போனது அவள் மூளை, தண்டனை மட்டும் இருவருக்குமா?

“பாய் என்னையே கவனிச்சுக்கிட்டிருக்காரு. பார்த்தியா?” என்றாள், விடுதிக்குத் திரும்பும்போது.

“நீங்களும் அவரையேதான் பார்க்கிறீங்க. அதனாலதான் உங்களுக்குத் தெரியுது,” என்றாள் தேவசேனா. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், மறுநாள் முதல் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு சாயங்காலம் மாடிப்படியில் பொற்கொடி நூருல்லாவை நிறுத்தினாள். முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

“பாய், ஒண்ணு கவனிச்சீங்களா? அரேயை ஃபங்ஷனுக்குள்ள அனுப்பிட்டு அங்க போய் சைஸ் கேட்டாலும், அது முழு நீளத்தையும் சரியாச் சொல்லிடுது. நீளத்தைத் தனியா அனுப்ப வேண்டியதே இல்ல.”

பச்சைப் பொய். அரே என்கிற எண்வரிசையை அனுப்பினால் உள்ளே போவது அது இருக்கிற இடத்தின் முகவரி மட்டும்தான்; நீளம் வாசலிலேயே நின்றுவிடும். இந்தப் பொய் நாளை அவர் தாளில் முளைத்தால் அவர்தான் திருடன் என்பது அவள் திட்டம்.

“அப்படிங்களா டீச்சர்? நல்லதாப் போச்சு,” என்றார் நூருல்லா. இரண்டு படி இறங்கியவர் திரும்பி நின்றார். “நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். நினைவகத்தை ஃப்ரீ பண்ணிட்டா, அந்தப் பாயிண்டர் தானாவே காலியாயிடுது. நாம தனியா ஒண்ணும் அழிக்க வேணாம்.”

அதுவும் பொய். பாயிண்டர் என்பது நினைவகத்தில் ஓர் இடத்துக்குச் சாவி மாதிரி. வீட்டைக் காலி செய்தாலும் பழைய சாவி கையிலேயேதான் இருக்கும். அந்தச் சாவியோடு போய் அடுத்தவன் வீட்டைத் திறப்பதுதான் சி மொழியில் நடக்கிற பெரிய விபத்து. இது நூருல்லாவுக்குத் தெரியாதா? போன மாதம் இதை அவளுக்கு விளக்கியவரே அவர்தான்.

பொற்கொடி சிரித்து, நன்றி சொல்லி, தெருவுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது. எனக்குத் தூண்டில் போடுகிறார். மடியில் கனமில்லாதவர் எதற்குத் தூண்டில் போட வேண்டும்? இதுவே சாட்சி. தன் கையில் இருந்த தூண்டிலைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

அவள் போட்ட பொய் யார் தாளிலும் முளைக்கவில்லை. அதற்குள் மாடியறைக்கு வருவதையே எல்லாரும் நிறுத்திவிட்டார்கள்.

இறுதித் தேர்வு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் இன்னும் நின்றது. கடைசிக் கேள்வி, வார்டில் இருக்கிற நோயாளிகளின் எச்சரிக்கை மணிகளை அவசரத்தின் வரிசையில் அடுக்கச் சொன்னது. குழந்தைக் கணக்கு. பொற்கொடி பேனாவை வைத்துவிட்டு யோசித்தாள். இதை வழக்கம்போல் எழுதினால் தடம் அவளுடைய பழைய தடமாகவே இருக்கும். அதே தடத்தில் இன்னொரு ஆள் இதே மண்டபத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தோன்றவே தோன்றாத ஒன்றை எழுத வேண்டும். ஒரு சின்னத் தப்பு போதும், கன்னத்தில் மச்சம் மாதிரி. இரண்டு மதிப்பெண் போனால் போகட்டும்.

யாருமே தொடாத தப்பு எது?

அவள் எக்ஸார் போட்டாள். மூன்றே வரி. தன்னைத் தன்னோடு மாற்றினால் பூஜ்யமாகும் என்று தெரிந்தே, அதைத் தடுக்கும் வரியை எழுதாமல் விட்டாள். வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது. இளநீர்கூட வாங்கிக் குடித்தாள்.

மூன்றாம் வாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வாரிய அதிகாரி குலசேகரன் முன்னால் நான்கு தாள்கள் இருந்தன. மற்ற மூவரும் வேறு வேறு அறைகளில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள்.

“கடைசிக் கேள்வியில எக்ஸார் போட்டிருக்கீங்கம்மா. காவல் வரியை விட்டிருக்கீங்க,” என்றார் குலசேகரன். “நூருல்லாவும் அப்படியே. அல்போன்ஸும், தேவசேனாவும் அப்படியே. இந்தத் தடவை தேர்வு எழுதின வேற ஒருத்தர்கூட இதைச் செய்யலை.”

பொற்கொடிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நால்வரும் தனித்தனியாக, ரகசியமாக, மற்ற மூவரும் தொடமாட்டார்கள் என்று நம்பி, ஒரே தப்பைப் பொறுக்கியிருக்கிறார்கள். வேறு எந்த நான்கு பேருக்கும் இது தோன்றியிருக்காது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும்.

“இது ரெண்டு விதமா நடந்திருக்கலாம். ஒருத்தர் ஏற்பாடு பண்ணி மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கணும். அப்படின்னா அவரை மட்டும் நீக்கிட்டு மத்தவங்களை விட்டுடலாம். இல்லைன்னா நாலு பேருக்கும் மூளையே ஒண்ணாப் போச்சுன்னு அர்த்தம். அப்ப நாலு பேருக்கும் உரிமம் கிடையாது. ஏற்பாடு பண்ணது யாரு?”

யாரும் இல்லை என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் நால்வரும் வீட்டுக்குப் போக வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே நின்றது. அது நகரும் வரை காத்திருந்தாள்.

“நூருல்லா,” என்றாள்.

சொன்ன வாய் கசந்தது. அவரும் தூண்டில் போட்டாரே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது பொய்யில்லைதான், ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை.

மாலையில் முடிவு வந்தது. நால்வரும் தேர்ச்சி. நம்ப முடியாமல் அவள் குலசேகரன் அறைக்கே போய்க் கேட்டாள்.

“நாலு பேரும் நாலு வேற பேரைச் சொன்னீங்க,” என்றார் அவர். “ஏற்பாடு நடந்திருந்தா ஒரே ஆளைக் கைகாட்டியிருப்பீங்க. மூளை ஒண்ணாயிருந்தா ஒரே பதில் வந்திருக்கும். ரெண்டும் இல்ல. எக்ஸார் தற்செயல்தான்னு வாரியம் முடிவு பண்ணிடுச்சு. மாதிரித் தேர்வுல ஒத்துப்போன அந்த ரெண்டு தடமும் இப்ப ஒண்ணுக்கொண்ணு விலகிப் போயிடுச்சு.”

“நாலு பேர், நாலு வேற பேருன்னா… என் பேரையும் ஒருத்தர் சொல்லியிருக்காங்க.”

“கணக்கு டீச்சராச்சே நீங்க.”

“யாரு சார்?”

“வேலையில சேர்ந்ததும் தெரியும். ஜோடி போடறதே அதை வெச்சுத்தான். உங்களைச் சந்தேகப்பட்டவர்தான் உங்க நிரலைச் சரிபார்ப்பார். நீங்க சந்தேகப்பட்டவரோட நிரலை நீங்க பார்ப்பீங்க. நம்பறவன் மேலோட்டமாப் படிச்சிட்டுப் போயிடுவான்மா. சந்தேகப்படறவன்தான் எழுத்தெழுத்தாப் படிப்பான். சரிபார்க்கிற அன்னிக்குப் பேச்சு மட்டும் கூடாது.”

உரிமத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். எத்தனையோ நாள் கனவு கண்ட அட்டை. அதைப் பார்க்கத் தோன்றாமல், யார் என் பேரைச் சொன்னது என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அல்போன்ஸா? பயந்த பையன், யார் பேரையாவது சொல்லியிருப்பான். தேவசேனாவா? விடுதிக்குப் போனபோது தேவசேனா பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். அவளுக்குத் திருச்சியில் அக்கா இருப்பதே பொற்கொடிக்கு அன்றுதான் தெரியும்.

வேலை, ஊருக்கு வெளியே ஒரு கட்டடத்தில். நால்வருக்கும் வராந்தாவின் இரண்டு பக்கமும் தனித்தனி அறை, தனித்தனி வாசல், தனித்தனிச் சாப்பாட்டு நேரம். முதல் வேலை டயாலிசிஸ் கருவி. உடம்புக்குத் திரும்பும் ரத்தக் குழாயில் காற்றுக் குமிழி வந்தால் கண்டுபிடித்து, பம்பை நிறுத்தி, மணியடிக்க வேண்டும். குமிழியைத் தவறவிட்டால் ஆள் பிழைக்கமாட்டார். குமிழி இல்லாதபோது நிறுத்திக்கொண்டே இருந்தாலும் ஆபத்து. இங்கே தடம் பார்க்கும் பேனா கிடையாது. வேலை செய்கிறவர்களை வேவு பார்ப்பது அவமானம் என்று கைநிரலர் சங்கம் சண்டை போட்டு அதை நிறுத்தியிருந்தது. நடிக்க வேண்டிய அவசியம் இல்லாததால் பொற்கொடி தன் இயல்பில் எழுதினாள். நன்றாக வந்தது. இரண்டு வருடத்தில் இத்தனை சந்தோஷமாக அவள் எதையும் எழுதியதில்லை.

சரிபார்க்கும் நாள் காலையில், எழுதிய தாள்களை மேஜைமேல் வைத்துவிட்டு அவரவர் அடுத்தவர் அறைக்குப் போக வேண்டும். பொற்கொடி வராந்தாவுக்கு வந்தாள். அந்தக் கோடியில் அல்போன்ஸும் தேவசேனாவும் ஒருவர் அறையிலிருந்து ஒருவர் அறைக்கு, தரையைப் பார்த்துக்கொண்டு கடந்து போனார்கள். அவனுக்கு அவள்மேல், அவளுக்கு அவன்மேல் என்றால் மிச்சம் இருப்பது ஒரே ஒருவர். எதிரே நூருல்லா வந்துகொண்டிருந்தார்.

இருவரும் நின்றார்கள். பேசக் கூடாது. அவள் வழிவிட இடது பக்கம் ஒதுங்க, அவரும் அதே பக்கம் ஒதுங்கினார். வலது பக்கம் போனாள். அவரும் அங்கேயே வந்தார். அவள் அசையாமல் நின்றாள், அவரும் நின்றார். கடைசியில் அவள் கையை நீட்டி, போங்க என்று காட்டினாள். அவர் கையும் அதற்குள் பாதி நீண்டிருந்தது.

அவர் அறைக்குப் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தபோது அவளுக்குக் கோபம்தான் இருந்தது. என் பேரையா சொன்னீங்க பாய் என்று கேட்க முடியாத கோபம். கேட்டால் அவரும் அதையே கேட்பார் என்கிற கோபம். ஒரு தப்பாவது கண்டுபிடிக்காமல் இங்கிருந்து எழுந்திருப்பதில்லை என்று சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

முதல் பக்கத்தில் தப்பில்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை. மூன்றாவது பக்கத்தில், குமிழி மூன்று முறை தொடர்ந்து தெரிந்தால்தான் நம்ப வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தார். நல்ல யோசனை. அவளும் அதையே வைத்திருந்தாள். அடுத்த பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே அங்கே என்ன இருக்கும் என்று சொல்லிப் பார்த்தாள். அதுவே இருந்தது. திரும்பத் திரும்ப ஓடும் ஒரு லூப்பில் அவர் முதலில் i <= n என்று எழுதி, அடித்து, i < n என்று ஆக்கியிருந்தார். அவளும் நேற்று அதே லூப்பில் அதை அடித்திருந்தாள். பம்பை நிறுத்தும் பகுதியை முதலில் கடைசியில் எழுதி, பிறகு அம்புக்குறி போட்டு மேலே கொண்டுபோயிருந்தார். அவள் தாளிலும் அந்த அம்புக்குறி அதே இடத்திலிருந்து அதே இடத்துக்குப் போகிறது.

இருவர் எழுதியது ஒன்றாக இருந்தால் சரி என்றுதானே அர்த்தம் என்று ஒரு குரல் உள்ளே சமாதானம் சொன்னது. அவள் இருபது வருடம் விடைத்தாள் திருத்தியவள். விடை ஒன்றாக இருந்தால் சந்தோஷப்படலாம். அடித்தல் ஒன்றாக இருந்தால்?

அறிவிப்பு சொன்ன அந்த இருவர் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. யாரும் யாரிடமிருந்தும் திருடவில்லை. ஒரே மாதிரி யோசிக்கிறவர்கள் ஒரே மாதிரி சந்தேகப்பட்டார்கள், ஒரே நாளில் தூண்டில் போட்டார்கள், ஒருவர் பேரை ஒருவர் சொன்னார்கள். எதிரும் புதிருமான பதில், எனவே வேறு வேறு மூளை என்று வாரியம் ஏமாந்து, இருக்கிற அத்தனை பேரிலும் இந்த இருவரையே தேடிப் பிடித்து ஜோடி போட்டிருக்கிறது.

மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தாள். எங்கேயாவது ஓர் ஓட்டை இருந்தால் அது அவள் தாளிலும் இருக்கும். அவள் கண்ணுக்கும் தெரியாது, அவர் கண்ணுக்கும் தெரியாது. முகம் தெரியாத யாரோ ஒருவர் கையை நீட்டிக்கொண்டு, குழாயைப் பார்த்தபடி படுத்திருப்பார். மேஜை ஓரத்தில் சரிபார்ப்புச் சீட்டு இருந்தது. பிழை இல்லை என்று அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். பொய்கூட இல்லை, அவள் ஒரு பிழையையும் காணவில்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை. உரிமம் பையில் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனசே இல்லை.

சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். பிறகு கையெழுத்திடாத சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

குலசேகரன் அறை வராந்தாவின் நடுவில். அவள் கதவுக்கு வந்தபோது மறுபக்கத்திலிருந்து நூருல்லா வந்து நின்றார். அவர் கையிலும் ஒரு சீட்டு. அவள் அதைக் கவனித்துப் பார்த்தாள். இந்த ஒரு தடவை சந்தேகத்தால் அல்ல. கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

பேசக் கூடாது என்ற விதியை அவள்தான் உடைத்தாள்.

“எப்பத் தெரிஞ்சுது பாய்?”

“உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதோ, அப்பத்தான் டீச்சர்,” என்றார் நூருல்லா. அவர் கண்கள் சிவந்திருந்தன. “உரிமம் போயிடும்.”

“போயிடும்.”

கதவைத் தட்டினார்கள். குலசேகரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கைகளில் இருந்த சீட்டுகளைப் பார்த்ததும் அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. சந்தேகப்படுகிறவர்களை ஜோடி சேர்த்தது வீண்போகவில்லை என்று நினைத்திருப்பார்.

“ரெண்டு பேரும் அதுக்குள்ள பிழையைப் பிடிச்சிட்டீங்களா?”

“இல்லைங்க சார்,” என்றாள் பொற்கொடி. “எங்க ரெண்டு பேருக்கும் ஒரு பிழைகூடத் தெரியலை. அதைச் சொல்லத்தான் வந்தோம்.”